ஒரு சாண் மிச்சம்

குருவுக்கு என்னைவிடப் பதினெட்டு வயது குறைவு. பெயர் மைனாவதி. பெங்களூரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வயர் கட்டியவள். சீடன் நான், ஆறுச்சாமி. வயது அறுபத்தொன்று. மில் மோட்டார்களுக்கு வயர் இழுத்தே தலை நரைத்தவன்.

எங்களை ஒரே கொட்டகையில் சேர்த்தவர் பல் டாக்டர் கிருபாகரன். காலையில் பொள்ளாச்சியில் பல் பிடுங்குவார். மதியத்துக்குமேல் ஊருக்கு வெளியே, முன்பு கயிறு திரித்த கொட்டகையில், இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். இறக்கை முடிந்துவிட்டது. எஞ்சின் ஏறிவிட்டது. முகப்புப் பலகையில் இருக்கும் மீட்டர்களுக்கும் ரேடியோவுக்கும் வயர் கொடுப்பது மட்டும் பாக்கி.

வயர்க் கட்டைத் தயாராகவே விற்கிறார்கள், வாங்கிப் போட்டுவிடலாம் என்றேன் நான்.

"வாங்கலாமுங்ணா," என்றாள் மைனாவதி. "ஆனா மேல போறப்ப ஒண்ணு வேலை செய்யலைன்னா, எந்த வயரு எங்க போகுதுன்னு டாக்டருக்குத் தெரியோணும். பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் தெரியும். நாமளே கட்டிரலாம்."

முதல் நாள் வயரை அளந்து வெட்டச் சொன்னாள். நான் வெட்டியதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது சரியா இருக்குதுங்களா?"

"நூல் பிசகாது அம்மணி. மில்லுல வயரெல்லாம் நான்தான் அளந்து வெட்டி இழுத்தேன். வீணைக் கம்பியாட்ட நிக்கும். ஒரு அங்குலம் வீணாகாது."

"எஞ்சின் ஆடறப்ப வயரும் கூட ஆடோணுமுங்ணா. வெறைப்பா இருந்தா முனையில மாட்டுற லக்கைப் புடிச்சு இழுக்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு சாண் கூட விடுங்."

"ஒரு சாணா! இது தங்கம் விக்கிற வெலையில்ல விக்குது?"

"விடுங்ணா."

விட்டேன். மனசே இல்லை. அந்த மிச்சத்தைச் சுருட்டி மெழுகு நூலால் கட்டிவைக்கச் சொன்னாள். நாற்பத்தொரு வயர், நாற்பத்தொரு சுருள்.

அடுத்தது லக், வயரை போல்ட்டில் மாட்டுகிற செம்பு வளையம். வயர் முனையில் செம்பு லக்கைச் செருகி, கருவியால் ஒரே அமுக்கு. அவ்வளவுதான். மேலே ஈயம் உருக்கி வைக்கக் கூடாது என்றாள்.

"வெறும் அமுக்கை எப்படி அம்மணி நம்பறது?" என்று கேட்டேன்.

"இழுத்துப் பாருங்."

பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். வரவில்லை.

"இன்னைக்கு வராது. நாளைக்கு?"

"நாளைக்கு ஏன் வரோணும்?"

"வெள்ளியங்கிரி அமுக்குனது வந்துச்சே."

யார் வெள்ளியங்கிரி என்று கேட்டாள். சொன்னேன். மில்லில் என்னோடு வேலை செய்தவன். வயர் என் வேலை, லக் அவன் வேலை. ஒரு தீபாவளி வாரத்தில் மோட்டாரின் லக்கிலிருந்து வயர் கழன்று, பொறி பறந்து, பஞ்சு தீப்பிடித்தது. யார் வேலை என்று மேனேஜர் கேட்டார். வெள்ளியங்கிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூத்தவன் என்று என்னை வெளியே அனுப்பினார்கள். அவன் ஃபோர்மேன் ஆனான். பத்தொன்பது வருடம் ஆகிறது. அவன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது, அடுப்பில் போட்டேன். அவன் பஸ் ஸ்டாண்டில் நின்றால் நான் அடுத்த தெரு வழியாகப் போவேன். அவன் எழவுக்கும் போகமாட்டேன்.

"அண்ணா, இது பல்லுல இருந்தா நானே புடுங்கிருவேன்," என்றார் டாக்டர், விமானத்துக்கு அடியிலிருந்து.

"நீங்க உங்க போல்ட்டை முடுக்குங்க டாக்டர்."

மைனாவதி சிரிக்கவில்லை. "இங்க ஈயம் வேண்டாமுங்ணா," என்று மட்டும் சொன்னாள்.

அவள் ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். நான் தினமும் ஐந்தரை வரை இருந்தேன். அன்றன்று அமுக்கிய லக்குகளில் ஒவ்வொன்றாகக் குங்கிலியம் தொட்டு ஈயத்தை உருக்கிவிட்டு, மேலே பிளாஸ்டிக் ஸ்லீவை இழுத்து மூடினேன். மில்லை விட்டு வந்ததிலிருந்து எவன் அமுக்கியதையும் நான் நம்பியதில்லை. ஒரு வாரத்தில் நாற்பத்தொன்றும் முடிந்தது.

மறுநாள் அவள் வயர்க் கட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு வயரை மெல்ல வளைத்துப் பார்த்தாள்.

"குங்கிலிய வாசம் வருதுங்களே."

"கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்."

"எந்தக் கோயிலுங்ணா?"

"மாசாணியம்மன்."

"யாருக்காச்சும் சாபம் விட்டு மொளகா அரைக்கவா?"

"வெள்ளியங்கிரிக்கு எப்பவோ அரைச்சாச்சு."

அவள் மேஜைக்குப் போனாள். இரண்டு துண்டு வயர் வெட்டினாள். ஒன்றில் தானே லக்கைப் போட்டு அமுக்கினாள். இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.

"இதுக்கு உங்க இஷ்டப்படி போடுங்."

அமுக்கி, அவள் கண்ணெதிரிலேயே ஈயமும் வைத்தேன். அவள் இரண்டு லக்கையும் என் மொபெட்டின் கைப்பிடியில் போல்ட் போட்டு முடுக்கினாள். தொங்கும் முனைகள் ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு நட்டைக் கட்டினாள்.

"இது எதுக்கு?"

"சும்மா ஆடட்டும். தெனமும் வந்துட்டுப் போங்."

தினமும் வந்துபோனேன். போக வர இருபத்தெட்டு கிலோமீட்டர். டீக்கடைக்காரன் கண்ணேறுக்குக் கட்டியதா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

ஒன்பதாவது நாள் வியாழக்கிழமை. கொட்டகை வாசலில் இறங்கிப் பார்த்தபோது ஒரு நட்டுதான் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவளுடையது.

உள்ளே டாக்டர் முகப்புப் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு இதை மூடிரலாமுங்ணா. மூடிட்டா உள்ள கை போகாது. அடுத்த வாரம் மொதல் தடவை நான் மட்டும் ஏறறேன். ரெண்டாவது தடவை பக்கத்து சீட்டு உங்களுக்குத்தான்." சொல்லிவிட்டு, யாருக்கோ பல் வலி என்று போன் வர, காரை எடுத்துக்கொண்டு போனார்.

நான் மொபெட்டிலிருந்து என் லக்கைக் கழற்றி அவள் மேஜைமேல் வைத்தேன். லக் அப்படியே இருந்தது. ஈயமும் அப்படியே இருந்தது. ஈயம் முடிகிற இடத்தில் வயர் கத்தியால் வெட்டியதுபோல் அறுந்திருந்தது.

"கெட்டியாத்தான பண்ணுனேன் அம்மணி?"

"கெட்டியாத்தானுங்ணா இருக்குது."

"பின்ன ஏன் அறுந்துச்சு?"

"ஈயம் ஏறுன எடம் ஆடாது. ஏறாத எடம் ஆடும். ஆட்டமெல்லாம் ரெண்டும் சேர்ற எடத்துல வந்து நிக்கும்."

நான் விமானத்தைப் பார்த்தேன். டாக்டர் துடைத்த துணி, அவர் உட்காரப்போகும் இடது சீட்டின்மேல் கிடந்தது.

"நாப்பத்தொண்ணுலயும் வெச்சிருக்கேன்," என்றேன்.

"தெரியுமுங்ணா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொன்னேனுங்களே, வேண்டாம்னு. இன்னிக்கு நீங்க சொல்லாட்டி, சாயங்காலம் நான் டாக்டர்கிட்டச் சொல்லியிருப்பேன்."

 அவள் லேபிள் ஒட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தனையும் உருவிப் போட்டுட்டுப் புதுசா இழுக்கோணுமா?"

"எதுக்குங்? ஈயம் ஏறுன வரைக்கும் வெட்டிட்டு, மறுபடியும் லக்கைப் போடுங்."

"வெட்டுனா எட்டாதே அம்மணி."

அவள் எழுந்து வந்தாள். முதல் சுருளின் மெழுகு நூலை அறுத்தாள். சுருண்டிருந்த ஒரு சாண் வயர் என் உள்ளங்கையில் விரிந்தது.

"இது என்ற தப்புக்குன்னு விட்டதா?"

"யார் கட்டுனாலும் விடோணுமுங்ணா. நான் கட்டுனாலும்."

நான் கட்டரை எடுத்தேன். அவள் மேஜைக்குத் திரும்பி, ஒரு லேபிளை ஒட்டிவிட்டுக் கேட்டாள்.

"அந்த மில்லு மோட்டாருக்கு எவ்வளவு மிச்சம் விட்டிருந்தீங்ணா?"

 முதல் வயரை வெட்டினேன். புது லக்கைப் போட்டு ஒரே அமுக்காக அமுக்கினேன். அதை முகப்புப் பலகை வரை கொண்டுபோனேன்.

எட்டியது.