சந்துக்கு மேல் நீண்ட மாடி

"என் பெயரை எப்பத்தான் போட விடுவீங்க?" என்று கேட்டார் அசென்.

பல்கேரியாவின் ரோடோப் மலையில் ஒரு சிற்றூர். ஊர் வீடுகளை வரையக் கற்றுக்கொடுக்கும் கலினாவிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர் சொல்லாமல் சீடர் யாரும் படத்தில் பெயர் போடக்கூடாது. அசென் அவரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

சனிக்கிழமை நகரத்தில் கண்காட்சி. பெயரில்லாத படத்தை அங்கே மாட்டமாட்டார்கள்.

கலினா படத்தைப் பார்த்தார். கல் அடுக்கிய கீழ்த்தளம், வெள்ளையடித்த மாடி, கல்பலகைக் கூரை, பின்னால் மலை. லட்சணமான வீடு.

"யார் வீடு?"

"சந்து முனையில இருக்கற வெலிச்கா அம்மா வீடு."

"அவங்ககிட்ட காட்டிட்டு வாங்க."

அசெனுக்குச் சுருக்கென்றது. நகரத்துப் பெரிய மனிதர்களின் முகங்களை வரைந்த கை இது. மிளகாய் கோர்க்கிற அம்மாளிடம் போய் மார்க் வாங்க வேண்டுமாம்! முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வெலிச்கா வாசலில் உட்கார்ந்து மிளகாய்ச் சரம் கோர்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார்.

"அடடா, அழகா இருக்கே. யாரு வீடு?"

"உங்க வீடுதாம்மா."

"என் வீடா? இவ்வளவு அடக்க ஒடுக்கமா அது என்னைக்கு நின்னுச்சு?"

"மாடி கோணலா சந்துக்கு மேல துருத்திக்கிட்டு நிக்குது. பார்க்க நல்லா இல்ல. கொஞ்சம் உள்ள தள்ளிட்டேன்."

அவ்வளவுதான். வெலிச்கா எழுந்தார். மடியிலிருந்த மிளகாயெல்லாம் தரையில் கொட்டியது. அசெனின் சட்டைக் கையைப் பிடித்து மரப்படி வழியாக மாடிக்கே இழுத்துப் போனார்.

"மூலையப் பாருங்க."

நாலு மூலையும் பெட்டி மாதிரி நேராக இருந்தன. கூரைப் பலகையில் செதுக்கிய சூரியன் அறையின் நட்டநடுவில் இருந்தது.

"சந்து வளைஞ்சு போகுது. அதனால கீழ இருக்கற அறையெல்லாம் கோணல். எங்க கொள்ளுத்தாத்தா மாடியை வெளிய நீட்டித்தான் இதைச் சதுரமா எடுத்தாரு. எங்க வீட்டுக் கல்யாண விருந்தெல்லாம் இங்கதான். இதையா உள்ள தள்ளுனீங்க?"

"ஊர்ல யாரும் தடுக்கலையா?"

"கேட்டாத்தானே தடுப்பாங்க!"

தானே கட்டியது போல வெலிச்காவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அசெனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அந்தக் கொள்ளுத்தாத்தா மேல் பொறாமையாக இருந்தது.

கீழே இறங்கி, கொட்டிய மிளகாயைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, சந்திலேயே உட்கார்ந்து புதிதாக வரைந்தார். இந்தப் படத்தில் மாடி வெயிலை மறித்தது. எதிர்வீட்டுக் கூரையை இடிக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

சனிக்கிழமை காலை கலினா வண்டியில் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அசென் தன் படத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அதன் மூலையில், ஈரம் காயாத சிவப்பில், 'அசென்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

கலினா வெகுநேரம் மாடியைப் பார்த்தார். பிறகு பெயரைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"யாரையும் கேக்கல."

வண்டியில் எல்லாவற்றுக்கும் முன்னால் கலினாவின் படம் இருந்தது. அவர் அதை எடுத்துப் பின்னால் வைத்தார்.

"இங்க வைங்க," என்றார்.