பட்டாபிராமன் படித்த புரூஃப்

ஆங்கில வார இதழின் ஆசிரியர் பட்டாபிராமனுக்கு, தன் தலையங்கத்தில் அச்சுக்கோப்பவர் சவரிமுத்து காலையில் பிழை காட்டியது பொறுக்கவில்லை.

"உமக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியுமோ? க்யூ, எக்ஸ், இசட் மூன்றும் வருகிற இருபதெழுத்து வார்த்தை ஒன்று சாயங்காலத்துக்குள் கொண்டுவாரும். முடியாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்."

மாலையில் சவரிமுத்து ஒரு வார்த்தையை எழுதி நீட்டினார்.

"இப்படி ஒரு வார்த்தையே கிடையாது ஓய்."

"உங்கள் தலையங்கத்தில் இருக்கிறதே சார், மூன்றாம் பத்தியில்."

"நான் எழுதவில்லையே."

"மதியம் நான்தான் கோத்துச் சேர்த்தேன். அதற்கப்புறம் 'வரி விடாமல் படித்தேன்' என்று புரூஃபில் கையெழுத்துப் போட்டது நீங்கள். அப்படியே அச்சடிக்கட்டுமா?"

பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதை எடுத்துவிடும். காலையில் சொன்ன பிழையையும் திருத்திவிடும். நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வாரும்."