பாறைக் கல்லூரியின் முதல் மாணவி

மலையடிவாரக் காட்டில் கொன்றை என்று ஒரு புள்ளிமானும், புழுதி என்று ஒரு முயலும் இருந்தார்கள். ஒரே புதரடியில் சேர்ந்து வளர்ந்தவர்கள். மானுக்கு மூக்கு கூர்மை, முயலுக்குக் காது கூர்மை. "வாடை வருது, ஓடு!" என்று அவள் கத்துவாள். "சருகு சத்தம் கேக்குது, ஓடு!" என்று அவன் கத்துவான். இப்படிக் கத்திக் கத்தியே இரண்டு பேரும் சிறுத்தையின் வாயில் விழாமல் பிழைத்துக் கிடந்தார்கள்.

அந்த மலை உச்சியில் பாறைக் கல்லூரி இருந்தது. பெயரைச் சொன்னாலே மற்ற மிருகங்கள் எழுந்து நிற்கும்! நுழைவுத் தேர்வுக்குக் காடே திரண்டு வரும். உள்ளே போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்தான்: சிறுத்தை எந்தத் திசையில் இருக்கிறது என்று மோப்பத்தால் கண்டுபிடிப்பது. படிப்பு முடியும்போது முதலாவது வருகிறவரை ஆற்றோர மிளா மான் கூட்டம் வந்து காவல் வேலைக்கு அழைத்துக்கொண்டு போகும். அதற்கப்புறம் கோடையிலும் பச்சைப் புல், வற்றாத தண்ணீர். வேறென்ன வேண்டும்?

மானுக்கும் முயலுக்கும் சேர்ந்தே இடம் கிடைத்தது. புழுதியின் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புதர் புதராகப் போய், "என் புள்ளை பாறையில படிக்கிறான்!" என்று சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். பாவம், சொல்லிக்கொள்ள அவளுக்கு வேறு என்ன இருந்தது?

கல்லூரி முதல்வர் ஒரு கிழட்டுக் கருமந்தி. கிளை மேல் உட்கார்ந்துகொண்டுதான் பாடம் நடத்துவார். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தேர்வு நடக்கும்போது ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது! வாடை எந்தப் பக்கம்னு தெரிஞ்சா, உங்க முன்னாடி இருக்கற மணல்ல கோடு போடுங்க. சத்தம் போட்டா அது விடையைக் காட்டிக் கொடுக்கற குற்றம். பூஜ்யம்தான்!"

புழுதி எழுந்து நின்றான். "ஐயா, வாடை தெரிஞ்சா சத்தம் போடணும்னுதானே எங்க வீட்டுல..."

"எல்லாரும் சத்தம் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். எல்லாருக்கும் தெரிஞ்சுட்டா, யாரு கெட்டிக்காரன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? உக்காரு!"

வகுப்பே சிரித்தது. கொன்றையும் சேர்ந்து சிரித்தாள்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் கடைசியாக வருகிறவர் மலையை விட்டு இறங்க வேண்டும். எல்லாருமே நன்றாகப் படித்தாலும் யாராவது ஒருவர் கடைசியாக வந்துதானே ஆக வேண்டும்? அதனால், தான் படித்தால் மட்டும் போதாது, பக்கத்தில் இருப்பவர் படிக்காமலும் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். பாறைக்கு வருகிறவர்கள் புத்திசாலிகள் அல்லவா! மயில் தெரிந்ததையும் தெரியாது என்றது. காட்டுக்கோழி விடிய விடியப் படித்துவிட்டு, "நான் நல்லாத் தூங்கிட்டேன்பா!" என்று கொட்டாவி விட்டுக் காட்டியது. கீரி ஒருபடி மேலே போய், கேட்டவர்களுக்கெல்லாம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது.

கொன்றை மட்டும் முதல் பருவம் முழுக்கப் புழுதிக்குச் சொல்லிக்கொடுத்தாள். தேர்வில் இரண்டாவது வந்தாள். முதல்வர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உனக்கிருக்கற மூக்குக்கு நீ முதலாவது வந்திருக்க வேண்டாமா? அந்த முயலைக் கட்டி இழுத்துக்கிட்டுத் திரியறியாமே? மயில் யாருக்காவது சொல்லிக்கொடுக்குதா, பார்த்தியா? அதான் அது முதலாவது!"

அந்தப் பேச்சு அவள் மனதில் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் புல்லில் வாய் வைக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து தனியாகப் படிக்க ஆரம்பித்தாள்.

கடைசித் தேர்வு நெருங்கியது. புழுதி அவளைத் தேடி வந்தான். இளைத்துப் போயிருந்தான்.

"கொன்றை, பழைய வாடைக்கும் புது வாடைக்கும் என்ன வித்தியாசம்? எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. இந்தத் தடவை நான்தான் கடைசி போலிருக்கு. அம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?"

கொன்றைக்குத் தெரியும். பழைய வாடை காய்ந்து கிடக்கும், புது வாடையில் ஈரமும் சூடும் இருக்கும். சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூட ஆகாது. ஆனால் அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"எனக்கே புரியலை, புழுதி."

"உனக்கே புரியலைன்னா அப்போ எனக்கு எங்கே!" என்று அவன் சிரித்தான். அவள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டான். அட, இப்படி நம்புகிறவனை ஏமாற்ற எப்படித்தான் மனசு வந்ததோ!

தேர்வு நாள் வந்தது. பாறை மேல் மணலைப் பரப்பி எல்லாரையும் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். சிறுத்தை படுத்து எழுந்த சருகுகளை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, முதல்வர் கிளை மேல் ஏறிக்கொண்டார். புழுதிக்குக் கிழக்கு ஓரத்தில், உண்ணிச்செடிப் புதருக்குப் பக்கத்தில் இடம். அவனுக்கு அடுத்து கொன்றை.

மேற்கிலிருந்து காய்ந்த வாடை வந்தது. கொன்றை மேற்கே கோடு போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள்.

அப்போது காற்று திரும்பியது. கிழக்கே, புதருக்குப் பின்னாலிருந்து வேறொரு வாடை வந்தது. ஈரமான, சூடான வாடை! கொன்றைக்கு உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது. பழைய பழக்கம் விடுமா? கத்துவதற்குத் தொண்டை தானாகத் திறந்தது.

உடனே படித்த மூளை குறுக்கே வந்து நின்றது. 'அடடா! இது உண்மையான சிறுத்தையாச்சே! அப்போ மேற்குன்னு போட்டது தப்பு. கிழக்குதான் சரியான விடை. கத்தினா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். பூஜ்யமும் வந்துடும்!' தொண்டையை மூடிக்கொண்டாள். மேற்கே போட்ட கோட்டை அவசரமாக அழித்துவிட்டுக் கிழக்கே போட்டாள்.

ஓரக்கண்ணால் பார்த்தாள். மயிலும் அழித்துக்கொண்டிருந்தது. காட்டுக்கோழியும், கீரியும்கூட. 'சே! இவங்களுக்கும் தெரிஞ்சுடுச்சே!' என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

புழுதியின் காதுகள் விடைத்தன. "கொன்றை! ஏதோ சருகு சத்தம் கேக்குது. உனக்கு வாடை ஏதாவது வருதா? எந்தப் பக்கம்?"

கொன்றை தன் கோட்டின் மேல் குளம்பை வைத்து மறைத்துக்கொண்டாள். "பேசாதே! என்னையும் சேர்த்து மாட்டி விடாதே!"

"யாரது பேச்சு? முயலா? உனக்குப் பூஜ்யம்!" என்று மேலிருந்து அதட்டினார் முதல்வர்.

கிளை மேல் இருந்தவருக்குப் புதருக்குள் பதுங்கி வந்த மஞ்சள் உடம்பு நன்றாகவே தெரிந்தது. ஆனால் தேர்வு முடிவதற்கு முன்னால் முதல்வரே விடையைச் சொல்லலாமா? கல்லூரியின் மானம் என்ன ஆவது? வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

சிறுத்தை பாய்ந்தது. புழுதிக்கு ஒரு சத்தம் போடக்கூட நேரம் கிடைக்கவில்லை. மற்றவர்கள் மூலைக்கு ஒருவராகச் சிதறி ஓடினார்கள்.

சிறுத்தை புழுதியைக் கவ்விக்கொண்டு போன பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எதற்கு வந்தார்கள்? புழுதியைத் தேடவா? முடிவு தெரிந்துகொள்ள வந்தார்கள்!

முதல்வர் கீழே இறங்கி மணலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அபாரம்! நெசமான சிறுத்தையே வந்திருக்கு. அத்தனை பேரும் கிழக்குன்னு சரியா போட்டிருக்கீங்க! அதுலயும் கொன்றை எல்லாருக்கும் முன்னாடி போட்டா. நான் மேலேருந்து பார்த்தேன். கொன்றைதான் முதலாவது!"

"ஐயா... புழுதி?" என்று காட்டுக்கோழி மெல்லக் கேட்டது.

"தேர்வுல பேசினான், பூஜ்யம். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

முதலாவது வருகிறவரை அழைத்துப் போக வந்திருந்த மிளாக் கூட்டத்தின் தலைவர் முன்னால் வந்து கொன்றையைத் தட்டிக்கொடுத்தார். "என்ன மூக்கு! என்ன மூக்கு! எங்க காவலுக்கு இப்படி ஒரு ஆள்தான் வேணும்!" என்றார். வாடை தெரிந்தும் அவள் ஏன் கத்தவில்லை என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. எல்லாரும் வாழ்த்தினார்கள்.

சாயங்காலம் புழுதியின் அம்மா மூச்சு வாங்க மலையேறி வந்தாள். வாயில் ஒரு கொத்து இளம் அறுகம்புல் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கொன்றை, நீ முதலாவதாமே கண்ணு! வழியெல்லாம் இதே பேச்சு. எனக்கு என் புள்ளையே வந்த மாதிரி இருக்கு. அவன் எங்கே? கடைசி ஆயிட்டோம்னு வெக்கப்பட்டுக்கிட்டு எங்கேயாவது ஒளிஞ்சிருக்கானா? அம்மா திட்ட மாட்டாள்னு சொல்லு. வீட்டுக்கு வந்தா போதும்."

மயில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. முதல்வர் கிளைக்கு ஏறிவிட்டார். கொன்றைதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

அந்தத் தாய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

"நீ பக்கத்துலதானே இருந்தே. உனக்கு வாடை தெரியலையா?"

"தெரிஞ்சுது, அத்தை."

"தெரிஞ்சுமா ஒரு சத்தம் போடலை?"

"தேர்வு நடந்துட்டிருந்துச்சு, அத்தை. வாயைத் திறந்தா பூஜ்யம்."

புழுதியின் அம்மா அவளைத் திட்டவில்லை, சபிக்கவில்லை. ஏதோ புது மிருகத்தைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள். "இங்க வர்றதுக்கு முன்னாடி உனக்குக் கத்தத் தெரியுமே, கண்ணு" என்றாள். பிறகு தனியாக மலையை விட்டு இறங்கிப் போனாள்.

கொன்றை அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாமல் கத்திப் பார்த்தாள். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

அடுத்த ஆண்டு பாறைக் கல்லூரி வாசலில் கூட்டம் இன்னும் அதிகமாக வந்தது. "உண்மையான சிறுத்தையையே கண்டுபிடித்த பிள்ளைகள்!" என்று காடெங்கும் பேச்சு. தாய்மார்கள் குட்டிகளின் காதில், "என்ன ஆனாலும் வாயைத் திறக்காதே, தெரிஞ்சுதா?" என்று சொல்லிச் சொல்லி உள்ளே அனுப்பினார்கள்.

அடுத்தவன் தோற்றால்தான் நான் ஜெயிக்க முடியும் என்று பழக்கும் படிப்பு, ஆபத்து எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்குமே தவிர, பக்கத்தில் இருப்பவனைக் காப்பாற்ற ஒருநாளும் சொல்லிக்கொடுக்காது.