வாலில்லாத தேவாங்கும் வால் காப்பும்

"வாலா? எந்த வாலு? எனக்குத்தான் வாலே கெடையாதே!"

தேவாங்கு கத்தியது. கத்தியது என்றால், ஒரு தேவாங்கு கத்துகிற அளவுக்குத்தான். பக்கத்தில் நின்றால் கேட்கும்.

கிடங்கு முதலாளியான பெருச்சாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுவரில் கீறியிருந்த கோடுகளை எண்ணிக்கொண்டே பேசியது.

"சத்தம் போடாத மாயழகு. பன்னெண்டு கூடு ஈசல் குடுத்திருக்க. அதுல ஆறு கடனுக்கு. ஆறு வால் காப்புக்கு. ஆக, கடன்ல இன்னும் ஆறு கூடு பாக்கி. அடுத்தது யாரு?"

தேவாங்கு வெளியே வந்தது. கடன் இன்றோடு முடிந்தது என்று நினைத்துத்தான் அது உள்ளே போயிருந்தது.

நடந்தது இதுதான். கோடையில் காடு காய்ந்து கிடந்தது. ஒரு பூச்சி கிடையாது, ஒரு புழு கிடையாது. தேவாங்கின் மனைவி பூவாயி வயிற்றில் இரட்டைக் குட்டிகளை வைத்துக்கொண்டு வேலம்பிசினை நக்கியே நாளை ஓட்டியது. காய்ந்த ஈசல் இருந்த ஒரே இடம் புளியமரத்தடியில் பெருச்சாளி வைத்திருந்த கிடங்குதான். தேவாங்கு அங்கே போய்ப் பத்துக் கூடு ஈசல் கடன் வாங்கியது. தூக்கணாங்குருவி விட்டுப்போன பழைய கூடுதான் அங்கே அளவு. பத்து வாங்கினால் மழைக்குப் பிறகு பன்னிரண்டு திருப்ப வேண்டும், வாரம் ஒன்றாக. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. தேவாங்கு தெரிந்துதான் வாங்கியது.

ஏமாற்று வேறு இடத்தில் இருந்தது.

கிடங்கு நடுப்பகலில் மட்டும்தான் திறக்கும். தேவாங்கோ இரவில் விழித்துப் பகலில் தூங்குகிற பிராணி. உச்சி வெயிலில் அதற்குக் கண் கூசும். எதிரே நிற்பது மரமா மாடா என்றே தெரியாது. கடன் வாங்கிய அன்று, பசியும் தூக்கமுமாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றபோது, பெருச்சாளியிடம் தரகு வேலை பார்த்த இரட்டைவால் குருவி இரண்டு ஓலைகளை நீட்டியது.

"இதுல ஒரு கை வை. இதுலயும் ஒரு கை வை!"

"ரெண்டு எதுக்குங்க?"

"எல்லாருக்கும் ரெண்டுதான்! வை, வை! பின்னாடி ஆள் நிக்கிது!"

தேவாங்கு விழித்தது. வரிசையில் நின்ற யாரோ, "தேவாங்கு மாதிரி முழிக்காத, சீக்கிரம் வைப்பா!" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். தேவாங்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. இன்னொரு கேள்வி கேட்டால் இன்னொரு தரம் சிரிப்பார்கள். கோவைப்பழச் சாற்றில் கையைத் தோய்த்து இரண்டு ஓலையிலும் பதித்துவிட்டது.

அந்த இரண்டாவது ஓலைதான் வால் காப்பு. கடன் வாங்கியவரின் வால் போய்விட்டால் மீதிக் கடன் தள்ளுபடி. அதற்காக வாரம் கொடுக்கிற ஒரு கூட்டில் பாதியை எடுத்துக்கொள்வார்கள். அணிலுக்கும் ஓணானுக்கும் இது நல்ல ஏற்பாடுதான். வால் போனால் அவர்களுக்குப் பிழைப்பே போச்சு. தேவாங்குக்கு என்ன? அதன் பின்பக்கம் பிறந்த நாளிலிருந்தே மொட்டை.

வீட்டுப் பொந்தில் தேவாங்கு விஷயத்தைச் சொன்னது. பூவாயி இரண்டு குட்டிகளையும் மடியில் இழுத்துக்கொண்டது.

"நம்மகிட்ட இருக்கிறதே ஆறு கூடுதான். அதைத் தூக்கிக் குடுத்துட்டா, அடுத்த மழை வரைக்கும் இதுங்க எதைத் தின்னும்? என் காதையா?"

"கை வச்சது நான்தானே பூவாயி. என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்க் கேக்குறது? காடே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே! கேக்காமக் கை வச்சது உன் தப்பு. வால் இல்லாதவனுக்கு வால் காப்பு வித்தது அவங்க தப்பு. உன் தப்புக்கு நீ வெக்கப்படு, வேணாங்கல. அவங்க தப்புக்கும் சேர்த்து நீயே ஏன் வெக்கப்படுற?"

கவலை வந்தால் தேவாங்கு வழக்கமாகத் தூங்கிவிடும். அன்றைக்குத் தூக்கமும் வரவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஒரு பூவரச இலையைக் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டு தேவாங்கு வரிசையில் நின்றது. முன்னால் ஒரு தவளை. பின்னால் ஒரு நண்டு. இரண்டும் அந்த வாரத் தவணையோடு வந்திருந்தன.

"என்ன அண்ணே, பட்டப்பகல்ல நேத்தும் வந்தீங்க, இன்னைக்கும் வந்திருக்கீங்க!" என்றது தவளை. "இலையெல்லாம் பலமா இருக்கு. விருந்தா?"

"நியாயம் கேக்க வந்தேன்."

"யாருகிட்ட? இங்கயா?" நண்டு கொடுக்கை அடித்துச் சிரித்தது. "விளங்கிரும்! நீங்க முன்னாடி போங்க. நாங்க வேடிக்கை பாக்குறோம்."

தவளையும் வழி விட்டது. தேவாங்கு உள்ளே போனது.

"முதலாளி, வால் காப்பு எனக்கு ஒத்துவராதது. எடுத்த ஆறு கூட்டையும் கடன்ல வரவு வைங்க. கணக்கு முடிஞ்சிரும்."

"ஓலைல கை வச்சியா, இல்லையா?"

"வச்சேன்."

"அப்புறம் என்ன?"

"என்ன ஓலைன்னு யாரும் சொல்லலையே!"

"நீ கேக்கலையே!"

மேலே வேரில் உட்கார்ந்திருந்த இரட்டைவால் குருவி எட்டிப் பார்த்தது. "மாயழகு, ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. இந்தப் பன்னெண்டு வாரத்துல, ஐயோ வாலு போயிருமோன்னு ஒரு நாளாவது கவலைப்பட்டியா?"

"இல்ல."

"பாத்தீங்களா முதலாளி! அந்த நிம்மதிக்குத்தான் ஆறு கூடு!"

"எனக்கு வாலே இல்ல. அதனால கவலை இல்ல!"

"நாளைக்கே முளைச்சா?"

வெளியே வரிசை முழுக்கச் சிரித்தது. தவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தேவாங்கின் முகம் சுட்டது. போன தடவையாக இருந்தால் இந்த இடத்தில் ஓடிப்போயிருக்கும். இந்தத் தடவை பொந்தில் இருக்கிற இரண்டு வாய்களை நினைத்துக்கொண்டு நின்றது.

"அந்த ஓலைய ஒரு தடவை படிங்க முதலாளி. எனக்கு இந்த வெயில்ல கண்ணு தெரியாது. சத்தமாப் படிங்க."

பெருச்சாளிக்குச் சந்தோஷம். ஓலையில் எல்லாம் முறையாக இருக்கும் என்று அதற்கு நம்பிக்கை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி படித்தது.

"கடன் வாங்கியவர், மாயழகு. இனம், தேவாங்கு. தொழில், பூச்சி பிடித்தல். வால் நீளம், ஒரு சாண். வால் போனால் மீதிக் கடன் முழுவதும் தள்ளுபடி. போதுமா? எல்லாம் சுத்தமா இருக்கு!"

"வால் எவ்வளவு நீளம்னு சொன்னீங்க?"

"ஒரு சாண்."

"அளந்தது யாரு?"

"நான்தான்!" என்று நெஞ்சை நிமிர்த்தியது குருவி.

அது எதையும் அளக்கவில்லை. நீளம் எழுதாத ஓலையைப் பெருச்சாளி வாங்காது. ஓலை சேராவிட்டால் குருவிக்குத் தரகு இல்லை. அதனால் யார் வந்தாலும் ஒரு சாண் என்று எழுதிவிடும். பெருச்சாளியும் ஓலையைப் பார்க்குமே தவிர ஆளைப் பார்க்காது.

தேவாங்கு எல்லாவற்றையும் மெதுவாகத்தான் செய்யும். யோசிப்பதும் அப்படித்தான். பெருச்சாளி இரண்டு தடவை கொட்டாவி விட்டது. அதன் பிறகு தேவாங்கு ஒரு கையை மெல்லப் பின்னால் கொண்டுபோனது. தடவியது. மறுபடியும் தடவியது.

"ஐயோ! என் ஒரு சாண் வாலக் காணோமே!"

வெளியே சிரிப்பு நின்றுபோனது.

"என்னடா உளர்ற?" என்றது பெருச்சாளி.

"உளறல முதலாளி. நீங்கதான் படிச்சீங்க. உங்க ஆளுதான் அளந்தாரு. அன்னைக்கு ஒரு சாண் இருந்துருக்கு. இன்னைக்கு ஒண்ணும் இல்ல. அப்ப வாலு போயிருச்சு! மீதிக் கடனத் தள்ளுபடி பண்ணுங்க!"

"டேய்! உனக்கு எந்தக் காலத்துலடா வாலு இருந்துச்சு!"

பெருச்சாளி போட்ட சத்தம் வரிசையின் கடைசி வரை போனது.

"இல்லையா?"

"இல்லவே இல்ல!"

"இல்லாத வாலுக்கு எதுக்கு முதலாளி ஆறு கூடு வாங்குனீங்க?"

பெருச்சாளி குருவியைப் பார்த்தது. குருவி தன் வாலில் ஏதோ சிக்கு விழுந்த மாதிரி கோதத் தொடங்கியது.

"வால் இருந்துச்சுன்னா கடன் தள்ளுபடி," என்றது தேவாங்கு. "இல்லன்னா எடுத்ததத் திருப்பித் தரணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க. அவசரம் இல்ல."

பெருச்சாளி நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. வால் இல்லை என்று சொன்னால் இன்றைக்கு ஒரு தேவாங்கு, நாளைக்குக் குளக்கரையில் வாலில்லாமல் கடன் வாங்கிய அத்தனையும் வந்து நிற்கும். அது தேவாங்கை மூலைக்கு இழுத்துப்போய்த் தோளில் கை போட்டது. குரல் வெல்லமாக மாறிவிட்டது.

"தம்பி மாயழகு, இருந்துச்சுன்னே வச்சுக்குவோம். வாலு போயிருச்சு. கடன் தள்ளுபடி. நீ அலைஞ்சதுக்கு நானே இன்னொரு கூடு ஈசல் தர்றேன், சரியா? இந்தப் புது ஓலைல மட்டும் ஒரு கை வச்சிரு."

"என்ன எழுதியிருக்கு?"

"பெருசா ஒண்ணும் இல்ல. உனக்கு ஒரு சாண் வால் இருந்துச்சு, அறுந்துபோச்சு, முதலாளி சொன்ன சொல் தவறாமக் கடன விட்டுட்டாரு. அவ்வளவுதான். வெளிய போறப்ப மூஞ்சியக் கொஞ்சம் சோகமா வச்சுக்க. யாராவது கேட்டா, காட்டுப்பூனை கடிச்சிருச்சுன்னு சொல்லு."

தேவாங்கு அந்த ஓலையைப் பார்த்தது. கடனும் தீரும், கூடவே ஒரு கூடும் கிடைக்கும். கோடை முழுக்கக் குட்டிகள் வயிறாரச் சாப்பிடும். ஒரு கை வைத்தால் போதும். பொய்தான். ஆனால் என்ன பெரிய பொய்? ஒரு வாலைப் பற்றிய பொய்.

அது வாசல் பக்கம் திரும்பியது. வெயிலில் கண் கூசியது. வரிசையில் நின்றவர்களின் முகம் தெரியவில்லை. வெறும் நிழல் மாதிரி தெரிந்தார்கள். குந்தியிருந்த ஒரு நிழல் தவளை. பக்கவாட்டில் நகர்ந்த ஒரு நிழல் நண்டு. இரண்டுக்கும் பின்னால் ஒன்றுமே நீளவில்லை.

தேவாங்குக்கு அப்போதுதான் முழுதும் புரிந்தது. இந்த ஓலையில் கை வைத்தால், நாளைக்கு இதையேதான் தவளைக்கு வாசித்துக் காட்டுவார்கள். 'பார், தேவாங்கின் வால் போனது, கடனை விட்டோம். வால் காப்பு எவ்வளவு நல்லது பார்!'

அது தோளில் கிடந்த கையை எடுத்துக் கீழே விட்டது. வாசலுக்கு நடந்தது. அவசரமாகத்தான் நடந்தது. பார்ப்பவர்களுக்கு அப்படித் தெரியவில்லை.

"தவளைத் தம்பி! உன் ஓலைல வால் எவ்வளவு நீளம்னு படிக்கச் சொல்லு."

"வாலா?" தவளை கண்ணைப் பிதுக்கியது. "நான் தலைப்பிரட்டையா இருந்தப்பவே அது போயிருச்சே அண்ணே! அதுக்கா இவ்வளவு நாளும் அழுதுக்கிட்டு இருக்கேன்?"

"எனக்கு முன்னாடி எது, பின்னாடி எதுன்னே இன்னும் சரியாப் பிடிபடல," என்றது நண்டு. "இதுல வாலு வேறயா! யோவ் குருவி, எங்கய்யா அளந்த?"

"படி! ஓலையப் படி!"

வரிசை உடைந்தது. எல்லாரும் கிடங்குக்குள் முண்டியடித்தார்கள். இரட்டைவால் குருவி பின்வாசல் வழியே பறந்தது. பெருச்சாளி சுவரோடு ஒட்டிக்கொண்டு, தேவாங்கின் பெயருக்கு நேரே பாக்கியாக நின்ற ஆறு கோட்டையும் தன் நகத்தாலேயே சுரண்டித் தள்ளியது.

"தீந்துச்சுடா உன் கடன்! போய்த் தொலை! ஆனா இந்த ஓலைல ஒரே ஒரு கை வச்சுட்டுப் போ! வச்சுட்டுப் போடா!"

ஓலையைத் தேவாங்கின் மூக்குக்கு நேரே நீட்டி, கோவைப்பழச் சாற்றையும் பக்கத்தில் தள்ளி வைத்தது.

தேவாங்கு கை வைக்கவில்லை.

ஏமாந்தவன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், அந்த வெட்கத்தை வைத்தே அடுத்தவனையும் ஏமாற்றுவார்கள்.