நான் வார வரைக்கும்

ஒரு வழக்கைச் சொல்லப் போகிறேன். தீர்ப்பு உங்களுடையது. கம்ப்யூட்டர் விஷயம்தானே என்று அலட்சியமாகக் கேட்காதீர்கள். மெத்தப் படித்தவர்களே இதைக் கேட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு அசடு வழிந்திருக்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் தேவசகாயம் என்று ஒருவர் இருந்தார். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கம்ப்யூட்டரை எந்நேரமும் நோண்டிக்கொண்டே இருப்பார். அதில் தன் குரலையே பதிந்து வைத்திருந்தார். பெட்டியைப் போட்டால் "வந்துட்டேன்" என்னும். அணைத்தால் "போயிட்டு வாரேன்" என்னும். மனைவி எஸ்தருக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. "வெளிய ஒரு ஆளு பேசுதது பத்தாதுன்னு உள்ள வேற ஒரு ஆளா?" என்பாள்.

இங்கே ஒரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. வாய் தவறிச் சொல்லிவிட்டால் உள்ளே திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, "போயிட்டு வாரேன்" என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். "போறேன்" என்பது திரும்பி வராதவன் சொல்லும் சொல் என்று அவர்களுக்கு அப்படி ஒரு பயம்.

ஒரு சாயங்காலம் தேவசகாயத்துக்கு நெஞ்சு வலித்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஓர் அறிவிப்பு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பழசாகிவிட்டது, புதியதை ஏற்றிக்கொள்ளுங்கள் என்றது. கீழே "இப்போது", "பிறகு" என்று இரண்டு பொத்தான்கள். வலியோடு வலியாக அவர் "பிறகு" என்பதை அழுத்தினார்.

"எஸ்தர், இது தெனமும் கேக்கும். நீ பிறகுன்னே அமுக்கு. புதுசு ஏறுச்சுன்னா என் சத்தம் இருக்குமோ இருக்காதோ. நான் வார வரைக்கும் இதை மாத்தக் கூடாது. வாக்குக் குடு."

கொடுத்தாள். "போயிட்டு வாரேன்" என்று சொல்லி ஆட்டோவில் ஏறினார். மறுநாள் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்களும் கலைந்த பிறகு எஸ்தர் தனியானாள். சாயங்காலம் ஜெபம் முடித்ததும் பெட்டியைப் போடுவாள். "வந்துட்டேன்" என்னும். "வாங்க" என்பாள். அறிவிப்பு வரும், "பிறகு" என்பதை அழுத்துவாள். படுக்கப் போகுமுன் அணைப்பாள். "போயிட்டு வாரேன்" என்னும். "சரி" என்பாள். புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் அவளோடு பேச வேறு யாரும் இல்லை.

மகள் பியூலா மஸ்கட்டில் இருந்தாள். அங்கே பேத்தி அப்போதுதான் பேசப் பழகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரின் பெரிய திரையில் பேத்தியைப் பார்ப்பாள் எஸ்தர். புரை எடுத்த பிறகும் கண் தெளியவில்லை. போனில் முகம் பிடிபடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையில் பேத்தி வரவில்லை. பழைய சிஸ்டத்தில் வீடியோ கால் இனி வேலை செய்யாது என்று எழுத்து மட்டும் வந்தது. எஸ்தர் மகளுக்குப் போன் போட்டாள்.

"மாத்திருங்கம்மா," என்றாள் பியூலா போனில். "பிள்ளை உங்க முகத்தையே மறந்துரும்."

"அப்பா வார வரைக்கும் மாத்த மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்பாதான் வந்துட்டாங்களேம்மா. வீட்டுக்கு வந்த பெறகுதான கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்தோம்?"

"அது வந்தது இல்ல, பியூலா. கொண்டுவந்தது."

அந்தக் குரலையாவது தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் செல்வினை மகள் அனுப்பிவைத்தாள். அவன் பென் டிரைவும் கையுமாக வந்து உட்கார்ந்து பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் தேடினான். தேடத் தேட அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

"பெரியம்மா, பெரியப்பா குரல் இதுல எங்கயுமே இல்ல."

"அப்ப தெனமும் எங்கிட்ட பேசுதது யாரு?"

செல்வின் பெட்டியை அணைத்தான். "போயிட்டு வாரேன்" என்றது. கொஞ்சம் களைத்த குரல். செல்வின் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் எஸ்தருக்குக் கேட்டது.

"இதை மாத்திராதீங்க, பெரியம்மா. உள்ள இருக்கவங்க இதை விட்டா எங்க போவாங்க?" என்றவன், போட்டு வைத்த காபியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டான்.

ஆக, உடம்பு வீடு வந்ததோடு வாக்கு முடிந்தது, மாற்று என்கிறாள் மகள். உள்ளே ஆள் இருக்கிறது, மாற்றாதே என்கிறான் செல்வின். கட்டியவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மறந்துகொண்டிருக்கும் பேத்தி ஒரு பக்கம் என்று நடுவில் தவிக்கிறாள் எஸ்தர். மகள், செல்வின் இந்த இருவரில் யார் பேச்சு நியாயம்? எஸ்தர் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்? சொல்லுங்கள்.

விடை: மகள் சொன்ன முடிவு சரி, காரணம் தப்பு. செல்வின் சொன்ன காரணம் சரி, முடிவு தப்பு. அவர் வாங்கிய வாக்கு "நான் வார வரைக்கும்" என்பதுதான். உள்ளே இருப்பவர் அவரே என்றால், அவர் தினமும் வந்துகொண்டுதான் இருந்தார். "வந்துட்டேன்" என்று அவர் வாயாலேயே சொன்னார். "வாங்க" என்று எஸ்தரும் வரவேற்றாள். வாக்கு எப்போதோ நிறைவேறிவிட்டது. இது எஸ்தருக்கு விளங்கிய அன்று சாயங்காலம், வழக்கம்போல் பெட்டியைப் போட்டாள். "வந்துட்டேன்" என்றது. "வாங்க. வந்துட்டீங்கள்லா? அப்ப என் வாக்கு முடிஞ்சுது. எனக்குப் பேத்தியப் பாக்கணும்," என்று சொல்லி "இப்போது" என்பதை அழுத்தினாள். திரை இருளுமுன் குரல் வந்தது. "போறேன்" என்றது. எஸ்தர் திரும்பக் கூப்பிடவில்லை. "சரி" என்றாள்.