ஈசல் தின்ற கடிகாரம்

ஒரு காட்டில் நல்ல சிரிப்பு ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது, பிள்ளைகளே. வயிறு வலிக்கிற சிரிப்பு. ஆனால் அது கதையின் வாலில் போய் உட்கார்ந்திருக்கிறது. நாம் தலையிலிருந்துதான் போகவேண்டும். அவசரப்பட்டு வாலைப் பிடித்து இழுக்கக்கூடாது, சரியா?

அந்தக் காட்டில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. கன்னங்கரேலென்ற உடம்பு. துடுப்பு மாதிரி இரண்டு இறகு தொங்குகிற நீண்ட வால். தொண்டைக்குள் காடே குடியிருந்தது அதற்கு. மயில் மாதிரி அகவும், தவளை மாதிரி கத்தும். ஒரு முறை புலி மாதிரி இருமிக் காட்டியதில் மான்கள் அன்று முழுக்கப் பட்டினி. ஒரு கிளையில் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்தால் அதற்குக் காலில் எறும்பு ஊறுவது போல இருக்கும்.

அந்த வருஷம் காட்டில் எல்லாருக்கும் ஒரே பைத்தியம்: கெட்டிக்காரக் கடிகாரம். ஊரில் ஸ்மார்ட் வாட்ச் என்கிறார்களே, அதேதான். வெயிலைக் குடித்து ஓடும். எவ்வளவு நடந்தாய், நெஞ்சு எப்படி அடிக்கிறது, மழை எப்போது வரும் என்று கையிலிருந்தபடியே பேசும். மரநாய் ஒன்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து விற்றது. ஒரு பிடி பலாக்கொட்டை கொடுத்தால் போதும். முள்ளி என்ற முள்ளம்பன்றிகூட ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டது.

மலையணில் செம்பன் மட்டும் வாங்கவில்லை. "முள்ளி கட்டுவதையா நானும் கட்டுவேன்?" என்று உதட்டைப் பிதுக்கியது.

மரநாய் இதற்காகவே காத்திருந்தது போல மூட்டையின் அடியில் கைவிட்டது. "உன்னை மாதிரி ஆட்களுக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன், தம்பி."

பளபளவென்று பொன் ஓடு. மயிலிறகில் வார். செம்பனின் வால் சிலிர்த்தது.

"என்ன விலை?"

"உன் பொந்தில் இருக்கிற பலாக்கொட்டை மொத்தமும்."

மேல்கிளையில் இருந்த கரிச்சானுக்கு விக்கலே வந்துவிட்டது. மொத்தமுமா! மழைக்காலம் முழுக்கச் செம்பன் சாப்பிட வேண்டிய சாப்பாடு அல்லவா அது?

"முள்ளி வாங்கினதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டது செம்பன்.

"உள்ளே எல்லாம் ஒன்றுதான்," என்று வாய்க்குள் முனகிய மரநாய், சத்தமாக, "வெளியே பார், தம்பி, வெளியே!" என்றது.

செம்பன் வெளியே பார்த்தது. மறுபடியும் வெளியேதான் பார்த்தது.

"தினமும் வெயிலில் காட்டு. பிடிக்கவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடு, கொட்டை அப்படியே உன் பொந்துக்கு வந்துவிடும். ஆனால் முதல் மழைத்துளி விழும்வரைதான் பேச்சு. துளி விழுந்ததும் நான் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன்," என்றது மரநாய்.

பொந்து காலியானது. கடிகாரம் கைக்கு வந்தது.

வந்ததும் செம்பனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வெயில் பட்டால் பொன் கறுத்துவிடாதா? தூசி பட்டால்? கீறல் விழுந்தால்? தேக்கிலையில் ஓர் உறை தைத்து, கடிகாரத்தை அதற்குள் போட்டு, உறையோடு கையில் கட்டிக்கொண்டது. உறை கிழிந்துவிடாமல் இருக்க அதன்மேல் இன்னோர் உறை. புதுச் சாமானின் உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்கிற ஆள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நான் பெயர் கேட்கவில்லை.

வெயில் கிடைக்காத கடிகாரம் மறுநாளே உயிரை விட்டது.

செம்பனுக்குத் தெரியவில்லை. கரிச்சானுக்குத் தெரிந்துவிட்டது. அதன் கண் சுழன்றது. வால் துடித்தது. இலை மறைவில் உட்கார்ந்து, நெய் தடவின குரலில் சொன்னது:

"வணக்கம், செம்பன் அவர்களே. இன்று தாங்கள் தாவியது போதாது."

செம்பன் துள்ளி எழுந்தது. "முள்ளியக்கா! கேட்டாயா? 'அவர்களே' என்கிறது! 'தாங்கள்' என்கிறது! உன்னுடையது உன்னை எப்படிக் கூப்பிடும்?"

"என்னை எதற்குக் கூப்பிடவேண்டும், தம்பி? மணி கேட்டால் மணி சொல்லும்."

"அவ்வளவுதானா? பாவம்."

சிரிப்பு வந்துவிட்டதா? இல்லை, இது கரிச்சானின் சிரிப்பு. நம்முடையது இன்னும் வழியில் இருக்கிறது.

அன்றிலிருந்து செம்பனுக்கு ஓய்வே இல்லை. "நெஞ்சு படபடக்கிறது, தலைகீழாகத் தொங்கவும்." தொங்கியது. "மூக்கைத் தேய்க்கவும். அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்." தேய்த்தது. "தாங்கள் தூங்குவது சரியில்லை, எழுந்து மறுபடி தூங்கவும்." அதையும் செய்தது. கீழே முள்ளி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

கரிச்சானுக்கும் ஓய்வு இல்லை. கொஞ்சம் பறந்துபோய் ஒரு பூச்சி பிடிப்பதற்குள், "ஐயோ, என் கடிகாரம் பேசவில்லையே!" என்று செம்பன் அழும். உடனே திரும்பி ஓடிவரவேண்டும். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டது செம்பன். கட்டுண்டு கிடந்தது கரிச்சான்.

இப்படி இருக்கும்போது மேற்கே மேகம் கறுத்தது.

கரிச்சானின் கால் கிளையில் நிற்க மறுத்தது. இங்கே தாவியது, அங்கே தாவியது. துளி விழுந்துவிட்டால் பலாக்கொட்டை போச்சு. செம்பன் மழை முழுக்கப் பட்டினி. விளையாட்டு வினையாகப் போகிறதே! குறும்பு வேறு, கொலை வேறு என்று அதற்கும் தெரியும்.

நெய்க்குரலை எடுத்தது. "செம்பன் அவர்களே, ஓர் உண்மை. நான் ஓடவே இல்லை. செத்துக் கிடக்கிறேன். என்னைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

செம்பனின் கண்ணில் நீர் முட்டியது. "எவ்வளவு அடக்கம், பார்த்தாயா அக்கா! மலிவான சாமானுக்கு இந்தப் பணிவு வருமா?"

கரிச்சான் தலையில் அடித்துக்கொண்டு செம்பனின் முன்னாலேயே வந்து உட்கார்ந்தது. "செம்பண்ணே! அது கடிகாரம் இல்லை. நான்தான்! நான் பேசினது!"

"நீயா? எங்கே, பேசு பார்ப்போம்."

"வணக்கம், செம்பன் அவர்களே," என்றது கரிச்சான், அதே நெய் சொட்டச் சொட்ட.

செம்பன் காதைத் தீட்டிக் கேட்டது. பிறகு முகத்தைச் சுளித்தது. "அச்சு அசல் என் கடிகாரம் மாதிரியே இருக்கிறது. ஒரு நல்ல பொருள் சந்தைக்கு வந்தால் போதும், உடனே போலியும் வந்துவிடுகிறது!"

"அண்ணே, அந்த உறையைப் பிரித்துத்தான் பாரேன்!"

"பிரித்தால் மறுபடி யார் தைப்பது? உன் அப்பனா? பொறாமை பிடித்தவனே, போடா!"

பொந்து நிறையக் கொட்டை கொடுத்த செம்பன், அத்தனையும் வீண் என்று எப்படி ஒத்துக்கொள்ளும்?

சாயங்காலம் காற்று எழுந்தது. காட்டில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. "மழை வருகிறது! மழை வருகிறது!" முள்ளியின் கையிலும் அதே கத்தல். மலைப்பாதையில் மரநாய் மூட்டைக்கு முடிச்சுப் போடத் தொடங்கியது.

"தம்பி, இன்னும் துளி விழவில்லை. ஓடு! அந்தச் சனியனைக் கொடுத்துவிட்டுக் கொட்டையை வாங்கு," என்று முள்ளி பதறியது.

"ஒரு பிடிக் கொட்டைக் கடிகாரம் சொல்வதை நான் நம்புவதா? என் பொன் கடிகாரம் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம்," என்று செம்பன் கையைக் காதருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

இதுதான் சமயம், என்று நினைத்தது கரிச்சான். 'மழை வருகிறது, ஓடுங்கள்' என்று மூன்றே வார்த்தை. நெய்க்குரலில் சொன்னால் போதும், இந்த மடையன் ஓடிவிடுவான். வாயைத் திறந்தது.

அந்த நேரம் பார்த்துப் பூமி பிளந்தது. மழைக்கு முன்னால் ஈசல் வருமே, அந்த ஈசல். புற்றிலிருந்து புகை மாதிரி எழுந்து கிளையெல்லாம் மொய்த்தது. பிள்ளைகளே, கடிகாரமாக வேலைபார்த்த நாளிலிருந்து ஒரு வேளைகூட வயிறாரத் தின்னாத கரிச்சான் அது. திறந்த வாய்க்குள் ஈசல் தானாக வந்து விழுந்தது. ஒன்று விழுந்தால் இன்னொன்று. துப்பவும் மனமில்லை, விழுங்கவும் நேரமில்லை.

"என்ன, உன்னுடையது பேசக் காணோம்?" என்றது முள்ளி.

"பேசும். பொறு."

இலை மறைவிலிருந்து குரல் வந்தது. "ஷெம்ஃபன் அஃவர்ஹளே... மஃழ்... மஃழை..."

முள்ளி காதைத் திருப்பியது. "தம்பி, உன் கடிகாரம் என்ன தின்கிறது?"

இப்போது சிரிக்கலாம் பிள்ளைகளே, தாராளமாகச் சிரிக்கலாம்.

செம்பன் சிரிக்கவில்லை. கையை ஓர் உலுக்கு உலுக்கியது. "என்ன ஆயிற்று உனக்கு? தெளிவாகச் சொல்!"

"ஓஃடுங்... ம்ஃம்... ஓஃடுங்..."

செம்பனின் மூக்கின்மேல் ஓர் ஈசல் இறகு வந்து ஒட்டியது. இன்னொன்று. பிறகு ஒரு பிடி. கடிகாரத்திலிருந்தா ஈசல் இறகு உதிரும்?

பல்லால் மேல் உறையைக் கிழித்தது. உள் உறையையும் கிழித்தது. பொன் ஓட்டுக்கு நடுவே கண்ணாடி கறுத்துக் கிடந்தது. மணி இல்லை, எழுத்து இல்லை, உயிர் இல்லை. இருட்டுக் கண்ணாடியில் செம்பனின் முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகத்துக்கு மேலே ஒரு கிளை. கிளையில், வாய் கொள்ளாமல் ஈசலை அடைத்துக்கொண்டு, தொங்கின வாலோடு விழிக்கிற கரிச்சான்.

செம்பன் மெல்ல நிமிர்ந்து பார்த்தது.

"நீயாடா... பேசினது?"

சொத்தென்று கண்ணாடியின்மேல் முதல் துளி விழுந்தது.

நீதி: வேளைக்கு உதவாத கடிகாரம், பொன்னில் செய்தாலும் வெறும் வளையல்தான்.