சாட்டைக்குப் பயந்த சோழிகள்

வெகு காலத்துக்கு முன்னே கருவேலி நாட்டை மகரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை, என்ன, காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. பக்கத்து நாட்டான் கோட்டை கட்டுகிறான் என்று கேள்விப்பட்டான், தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். ஆற்றங்கரையில் பத்துச் செங்கல் சூளைகள் எழும்பின.

எந்தச் சூளையில் எத்தனை கல் அறுத்தார்கள் என்று பொழுது சாய எண்ணி ஓலையில் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் மந்திரி செண்பகராமர். குறையும் இடத்துக்கு ஆளும் தண்ணீரும் அனுப்பலாமே என்பது அவர் நினைப்பு. ஆனால் சூளைகளின் மேற்பார்வை விருப்பாட்சி ராயர் கையில் இருந்தது. மந்திரிக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்து வயிறெரிந்த மனிதர் அவர். அதே ஓலையை வைத்து ஒரு சட்டம் போட்டார். அதிகம் அறுத்த சூளையின் தலையாளுக்குப் பட்டுத் துண்டு. கடைசியாக நின்ற சூளையின் தலையாளுக்கு மறுநாள் காலை, வேலை முரசு ஒலித்ததும் பத்துச் சாட்டையடி.

ஒரு மாதம் போனது. ராயர் ஓலைக்கட்டோடு சபைக்கு வந்தார்.

"அரசே, பட்டு வாங்கியவன் மறுநாள் குறைத்து அறுக்கிறான். அடி வாங்கியவன் கூட்டி அறுக்கிறான். முப்பது நாளில் இருபத்தேழு நாள் இப்படித்தான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான். துண்டை நிறுத்துங்கள், அடியை நாற்பதாக்குங்கள்."

எண்ணைக் காட்டினால் ராஜாவின் தலை தானாக ஆடிவிடும். அப்படியே ஆகட்டும் என்றுவிட்டான்.

அன்று மாலை கடைசியாக நின்றது ஏழாம் சூளை. அதன் தலையாள் மாடப்பனுக்குப் பத்து நாளுக்கு முன் வாங்கிய அடியே இன்னும் ஆறவில்லை. முதுகு சீழ் வைத்திருந்தது. நாற்பது விழுந்தால் பிழைக்கமாட்டான். அவன் மனைவி செல்லி மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எண்ணி எழுதற வழக்கம் நீங்க கொண்டுவந்ததுன்னு சொல்றாங்க, சாமி," என்றாள். செண்பகராமருக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

நியாயம் பேசினால் மகரபூபதி கொட்டாவி விடுவான், வேடிக்கை காட்டினால்தான் காது கொடுப்பான். இருபது வருஷ உத்தியோகத்தில் மந்திரி கற்றுக்கொண்டது அதைத்தான்.

விடிந்ததும் சபை கூடியது. சூளை முரசுக்கு இன்னும் இரண்டு நாழிகை இருந்தது. மந்திரி ஓர் ஓலையை நீட்டினார். என் வசமும் பத்துக் கூட்டம் இருக்கிறது, முதலில் வந்த கூட்டத்துக்குப் பூ வைத்தேன், கடைசியாக வந்ததை அடித்தேன், முப்பது முறை பார்த்த கணக்கு இது, ராயரே படித்து முடிவு சொல்லட்டும் என்றார்.

ராயருக்கு உச்சி குளிர்ந்தது. விரலை வைத்துப் படித்தார். "நான் சொன்னதேதான். அடிபட்ட கூட்டமெல்லாம் ஏறியிருக்கிறது. பூ வாங்கிய நாலாம் கூட்டத்துக்குத் தலைக்கனம், மறுமுறையே சரிந்துவிட்டது. எட்டாம் கூட்டம் பரம சோம்பேறி, ஆனால் சாட்டைக்குப் பயப்படுகிறது. அடியாத மாடு படியாது, மந்திரியாரே."

செண்பகராமர் ஒரு பையை அவிழ்த்துச் சபை நடுவே கொட்டினார். நூறு சோழிகள் உருண்டன.

"பத்துப் பத்தாய்ப் பிரித்த இந்தச் சோழிகள்தான் என் கூட்டங்கள். குலுக்கிப் போட்டு, வாய் மேலே தெரிய விழுந்தவற்றை எண்ணினேன். எட்டாம் குவியலுக்குப் பயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று ராயர் காட்டினால் தேவலை."

சபை சிரித்தது. ராயர் முகத்தில் ஈயாடவில்லை. ராஜா சிம்மாசனத்தை விட்டிறங்கித் தானே சோழியைக் கையில் எடுத்தான்.

மந்திரி விளக்கினார். "ரொம்ப மோசமாக விழுந்தால் அடுத்த முறை கொஞ்சம் தேறும், அரசே. ரொம்ப நன்றாக விழுந்தால் அடுத்த முறை இறங்கும். சூளையிலும் ஒரு நாள் மண் ஈரம், ஒரு நாள் யாருக்காவது காய்ச்சல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்; சாட்டை பேர் வாங்கிக்கொண்டது. மாடப்பனை அடிக்க வேண்டாம் என்று முத்திரை போட்டுக் கொடுங்கள்."

"போடலாம், போடலாம். இன்னும் ஒரு ஆட்டம்," என்றான் ராஜா.

கடைசிக் குவியலைத் தன் கையாலேயே அடித்தான், முதல் குவியலுக்குப் பூ வைத்தான், மறுபடி குலுக்கினான். மந்திரி மூன்று தரம் முத்திரையை நினைவூட்டினார். வேடிக்கையை இவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாம் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. நாலாம் தரம் வாயெடுக்கும்போது ஆற்றங்கரையில் முரசு ஒலித்தது.

முத்திரை ஓலையோடு குதிரை போய்ச் சேர்ந்தபோது முப்பத்தாறு ஆகியிருந்தது. சாட்டைக்காரன் மீதி நாலை விட்டுவிட்டான். மாடப்பன் பொழுது சாயும்வரைகூட இருக்கவில்லை.

ராஜா தாராளமாகத்தான் நடந்துகொண்டான். சூளைகளில் இனி சாட்டையே கூடாது என்றான். ராயரின் தலைப்பாகையைக் கழற்றி, அவரை ஏழாம் சூளைக்குக் கல் அறுக்க அனுப்பினான். மந்திரிக்கு முத்துமாலை போட்டான். மந்திரி அதைச் செல்லிக்குக் கொடுத்தனுப்பினார். அவள் தொடாமல் திருப்பிவிட்டாள்.

மறுநாள் சபையில் ராஜா முந்தின நாள் ஓலையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"கடைசியில் நின்ற ஏழாம் சூளை நாலாவதாக வந்திருக்கிறதே, மந்திரியாரே. என்ன இருந்தாலும் அடி கொஞ்சம் வேலை செய்திருக்குமோ?"

"அடி வாங்கியவன் செத்துப்போனான், அரசே."

ராஜா ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதில் அப்படி ஒன்றும் இல்லையே."

"இல்லை. கல்லுக்குத்தான் இடம் விட்டேன். ஆளுக்கு விடத் தோன்றவில்லை," என்றார் செண்பகராமர்.

அவர் அந்த ஓலையை வாங்கிக்கொண்டார். கருவேலி நாட்டில் கல்லுக்கு முன்னால் ஆளை எழுதும் வழக்கம் அன்றைக்குத்தான் தொடங்கியது. ஏழாம் சூளை, ஓர் ஆள் குறைவு என்று முதல் வரியை அவரே எழுதினார்.